கண்ணுக்கு வாணவேடிக்கை... வயிற்றுக்கு?

மகனோ மகளோ சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். "அப்பா, டிசம்பர் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. மெரினா பேயில் நியூ இயர் வாணவேடிக்கை பார்க்கலாம். தண்ணி ஓரமா நல்ல ரெஸ்டாரன்ட்ல டேபிள் புக் பண்ணிட்டேன்" என்று போன் வருகிறது. நாலு நாளில் டிக்கெட்டும் வந்துவிடுகிறது.

போய்விட்டு வாருங்கள். பிள்ளைகள் ஆசையோடு கூப்பிடும்போது "எனக்கு ஷுகர், எனக்குப் பிரஷர்" என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

ஆனால், ஜனவரி பிறந்ததும் இப்படிப் போய்வந்தவர்கள் சிலர் என்னிடம் வருகிறார்கள். ஒருவருக்கு நெஞ்செரிச்சல் போகவே மாட்டேன் என்கிறது. இன்னொருவருக்கு மூன்று நாளாக வயிறு கல் மாதிரி இருக்கிறது. பேரனுக்கு இருமல். பாட்டிக்கு நீர்க்கடுப்பு. "எல்லாம் அந்த ஊர்ச் சாப்பாடு டாக்டர்" என்கிறார்கள். சாப்பாட்டின் மேல் பழி போடுவது சுலபம். விசாரித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கிறது.

வாணவேடிக்கை நடப்பது சில நிமிஷம். அதற்காக உடம்பைக் காக்க வைப்பது ஆறேழு மணி நேரம்! பசியைக் காக்க வைக்கிறோம், மாத்திரையைக் காக்க வைக்கிறோம், தண்ணீரைக் காக்க வைக்கிறோம், சிறுநீரைக்கூடக் காக்க வைக்கிறோம். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆகவே ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள். சாப்பாடு முன்னால், வேடிக்கை பின்னால். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று சிங்கப்பூர். நம் தாத்தாக்கள் ரஜூலா கப்பலில் நாள் கணக்கில் மிதந்து போய் இறங்கிய ஊர். இன்று சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் நாலு மணி நேரம்.

ஊரின் முகப்பு மெரினா பே. முன்பு கடலோடு சேர்ந்திருந்த விரிகுடா இது. 2008-ல் மெரினா பேரேஜ் என்ற தடுப்பணை கட்டிய பிறகு உள்ளே இருப்பது நல்ல தண்ணீர் ஏரி. ஒரு பக்கம் சிங்கத் தலையும் மீன் உடம்புமாக மெர்லயன் சிலை. ஒரு பக்கம் முள்நாறிப்பழம் போலக் கூரை போட்ட எஸ்பிளனேட் கலையரங்கம். எதிரே மூன்று கோபுரங்களின் தலையில் கப்பலை ஏற்றி வைத்தாற்போல மெரினா பே சாண்ட்ஸ். இந்தத் தண்ணீரைச் சுற்றித்தான் உணவகங்கள், மேலேதான் வேடிக்கை.

டிசம்பர் 31 நள்ளிரவில் நடப்பது ஒன்று. ஆகஸ்ட் 9 தேசிய தினத்தன்று நடப்பது இன்னொன்று. சீனப் புத்தாண்டு சமயத்திலும் உண்டு. ஆனால் தனி ஆள் அங்கே ஒரு ஊசிப்பட்டாசுகூடக் கொளுத்த முடியாது; 1972-லேயே தடை போட்டுவிட்டார்கள். ஆகவே ஊரே இந்த ஒரு தண்ணீர்க்கரையில் கூடுகிறது. நல்ல இடம் வேண்டுமென்று மத்தியானத்திலிருந்தே உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த அவசரத்தில்தான் சாப்பாடு தள்ளிப் போகிறது.

நள்ளிரவும் பித்தமும்

சித்த மருத்துவம் ஒரு நாளை வாதம், பித்தம், கபம் என்று பிரித்து வைத்திருக்கிறது. மாலை 6 முதல் 10 வரை வாதம். 10 முதல் 2 வரை பித்தம். விடியற்காலை 6 வரை கபம். பகலிலும் இதே வரிசை.

பகல் 10 முதல் 2 வரை பித்தம் ஓங்கினால் நல்லது. மத்தியானச் சோற்றைச் செரிக்க அந்தத் தீ வேண்டும். இரவு 10 முதல் 2 வரை அதே பித்தம் ஓங்கும்போது உடம்பு தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் கண் விழித்து, எண்ணெயில் பொரித்ததையும் மிளகாயையும் உள்ளே தள்ளினால் என்ன ஆகும்? எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

இதைச் சும்மா பழங்கணக்கு என்று தள்ளிவிட வேண்டாம். வெறும் வயிற்றில் அமிலச் சுரப்பு முன்னிரவிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை கூடுதலாக இருப்பதை நவீன ஆய்வுகளும் அளந்து சொல்கின்றன. இரவு ஏற ஏற, அதே அளவு சோற்றுக்கு ரத்தச் சர்க்கரை பகலைவிட அதிகமாக ஏறும் என்பதும் தெரிந்த விஷயம்.

"மார்கழி மாசம், டாக்டர். நல்லாப் பசிக்குமே! நெய், முந்திரி எல்லாம் தாங்குமே!" என்பீர்கள். அது நம் ஊர் முன்பனிக் காலத்துக்குச் சொன்னது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே மார்கழிப் பனி கிடையாது. டிசம்பரில் மழையும் புழுக்கமும்தான். புழுக்கத்தில் பசித்தீ மந்தமாகும். பொங்கலுக்கும் வடைக்கும் பழகிய மார்கழி வயிறு என்று நம்பி அங்கே இறங்கிவிடாதீர்கள்.

எனவே, இரவுச் சாப்பாட்டை 7 மணியிலிருந்து 7.30-க்குள் முடியுங்கள். "ஏழு மணிக்குப் பசிக்கவே இல்லையே!" என்றால் அதற்கும் காரணம் உண்டு. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு 7 என்றால் நம் ஊரில் மாலை 4.30. போய் இறங்கிய ஓரிரு நாளில் வயிறு இன்னும் இந்திய நேரத்தில்தான் இருக்கும். அன்று மத்தியானம் அளவாகச் சாப்பிட்டு, சாயங்கால டிபனை விட்டுவிடுங்கள். ஏழு மணிக்குப் பசி தானாக வரும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் டிபனைத் தாங்களாக விடக்கூடாது. ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு வரவில்லை!

என்னிடம் மூட்டு வலிக்காக வருகிற ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். வயது 68. பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. அதற்கு ஆங்கில மருத்துவரிடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரை விஷயத்தில் கடிகாரம் தோற்றுவிடும், அவ்வளவு ஒழுங்கு. இரவு 8 மணி அடித்தால் மாத்திரை. எட்டேகாலுக்கு அவர் மனைவி இட்லித் தட்டோடு வந்துவிடுவார்.

மகன் அழைத்துப்போன உணவகத்திலும் 8 மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஆனால் அங்கே இட்லித் தட்டு வரவில்லை! புத்தாண்டு விசேஷ விருந்து, ஒவ்வொன்றாகத்தான் வரும். முதலில் ஒரு கிண்ணம் தெளிந்த சூப். அரை மணி கழித்துக் கொஞ்சம் பச்சைக் காய்கறி. வேடிக்கை வரை ஆட்களை உட்கார வைக்க வேண்டுமே, அவசரம் யாருக்கு? 9.30 ஆகியும் சோறு, ரொட்டி எதுவும் வரவில்லை. அன்று மாலை இரண்டு மணி நேரம் நடந்தும் இருக்கிறார்.

முதலில் வியர்த்தது. "புழுக்கம்ப்பா" என்றான் மகன். பிறகு கை நடுங்கியது. "அசதியா இருக்கும், கொஞ்சம் சாஞ்சு உட்காருங்க" என்றான். மருமகள்தான் கவனித்தாள். மேஜையில் கிடந்த விலைப்பட்டியலைப் பார்த்து "நாலு பேருக்கு எவ்வளவு மாமா?" என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறாள். வாழ்நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்குக் கூட்டத் தெரியவில்லை. வார்த்தையும் குழறியது. உடனே ஓடிப்போய் ஆரஞ்சு ஜூஸ் வாங்கி வந்து குடிக்க வைத்தாள். கால் மணியில் தெளிந்துவிட்டார்.

அன்று நடந்தது மயக்கமும் இல்லை, அசதியும் இல்லை. தாழ்சர்க்கரை. மாத்திரை போய்விட்டது, அது பிடித்துக்கொள்ளச் சோறு போகவில்லை. இன்னும் அரை மணி கவனிக்காமல் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், நினைவு தப்பியிருக்கலாம். அந்தக் கூட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும், யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் அந்த மருமகள் மாதிரி ஒரு ஆள் வேண்டும். வானத்தைப் பார்க்கிற கண் ஒன்று, பெரியவரைப் பார்க்கிற கண் ஒன்று!

மாத்திரைக்கு எந்த ஊர் நேரம்?

சர்க்கரை மாத்திரைகளில் கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையும், சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினும் கடிகாரத்தோடு கட்டப்பட்டவை அல்ல, தட்டோடு கட்டப்பட்டவை. தட்டு கண்ணுக்குத் தெரிகிற வரை அவற்றை எடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை போடும் நீண்ட நேர இன்சுலின், பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை இவற்றை இரண்டரை மணி வித்தியாசத்தில் எப்படி எடுப்பது என்று கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "சித்த மருந்து சாப்பிடுறேனே, ஒரு நாள் ஷுகர் மாத்திரையை விட்டால் என்ன?" என்று தயவுசெய்து யாரும் கிளம்ப வேண்டாம். நானே சொல்கிறேன், விடாதீர்கள்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்க் கோபம், குழறல் — இவற்றில் எது வந்தாலும் முதலில் சர்க்கரை கொடுங்கள். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது அரை டம்ளர் பழச்சாறு. கால் மணி பொறுத்து மறுபடி பாருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ரொட்டியோ சோறோ கொஞ்சம் சாப்பிட வேண்டும். அகார்போஸ், வோக்ளிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது; குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு அங்கே 995.

இன்னொரு குழப்பம். அந்த ஊர்க் கருவிகளில் சர்க்கரை அளவு வேறு கணக்கில் காட்டும். நம் ஊரில் 70 என்பது அங்கே 3.9. "நாலுதானா!" என்று பயப்படுவதும், "நாலு நல்லதுதானே" என்று அசட்டையாக இருப்பதும் இரண்டும் தப்பு. வரும் எண்ணை 18-ஆல் பெருக்குங்கள். நம் ஊர்க் கணக்கு வந்துவிடும்.

மெனு கார்டைப் படிக்கும் கலை

டேபிள் புக் செய்யும்போதே பிள்ளைகளை மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சாப்பாடு எத்தனை மணிக்கு ஆரம்பம்? சோறோ ரொட்டியோ முதலிலேயே கொண்டுவந்து வைப்பார்களா? சைவம் என்றால் எந்தச் சைவம்?

மூன்றாவது கேள்வி முக்கியம். கீரைப் பொரியல் மாதிரி இருக்கும். மேலே சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். காய்கறி லக்ஸா என்பார்கள்; குழம்பில் காய்ந்த இறாலும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் கரைந்திருக்கும். சம்பலிலும் அதே விழுது உண்டு. சாத்தேயோடு வருவது வேர்க்கடலைச் சாறு. கடலை ஒவ்வாத குழந்தைக்கு அது ஆபத்து. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். கேட்க வேண்டியது நாம்தான்.

அசைவக்காரர்கள் எல்லோரும் ஆசைப்படுவது சில்லி கிராப். தக்காளி, மிளகாய், சர்க்கரை, முட்டை சேர்ந்த கெட்டிக் குழம்பில் முழு நண்டு. தொட்டுக்கொள்ள மைதாவில் செய்த மன்டோ. பல இடங்களில் பொரித்தே தருவார்கள். காரம்தான் நாக்குக்குத் தெரியும், உள்ளே இருக்கிற இனிப்பு தெரியாது. ஷுகர்காரர்கள் நண்டைச் சாப்பிடுங்கள், குழம்பில் முக்கி முக்கி மன்டோவை ஏற்றாதீர்கள். இதற்கு முன் நண்டே சாப்பிடாதவர்கள் அன்றைக்குத்தான் முதல் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதில்லை. ஓட்டு மீன் வகைகள் ஒவ்வாமல் தொண்டை வீங்குகிறவர்கள் உண்டு. நண்டுக்குப் பின்னால் பாலோ ஐஸ்கிரீமோ வேண்டாம் என்பது நம் மரபு, செரிமானம் கெடும்.

நிதானமான வயிறுக்கு நல்ல பதார்த்தங்களும் அங்கே நிறைய. வேகவைத்த மீன், இஞ்சி போட்ட சூப், தெளிந்த குழம்பில் நூடுல்ஸ், கோழிச் சோற்றில் தோல் நீக்கிய கோழி, டோஃபு. எண்ணெயில் பொரித்தது ஒன்று எடுத்தால், ஆவியில் வெந்தது இரண்டு எடுங்கள். கொழுப்பு மிகுந்த சாப்பாடு வயிற்றை விட்டு இறங்க நேரமாகும் என்பதை மறக்க வேண்டாம்.

வானத்தை அண்ணாந்து பார்த்தபடி மெல்லாதீர்கள். கவனம் வெளியே இருந்தால் கை மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். எவ்வளவு போனது என்றே தெரியாது. காற்றையும் சேர்த்து விழுங்குவோம். பிறகு "வாயு, வாயு" என்று புலம்புவோம்!

குடும்பக் கணக்குக்காக ஒன்று: விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணமும், அதன் மேல் 9 சதவீதம் வரியும் உண்டு. 100 டாலர் என்று நினைத்தது 119.90 ஆகும். "இவ்வளவு கொடுத்தாச்சே" என்று மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிற மனசு நமக்கு. பணம் போனது போகட்டும், வயிற்றையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வானேன்?

சின்னக் கணக்கில் பெரிய சுகம்

ரெஸ்டாரன்டில்தான் பார்க்க வேண்டும் என்று சட்டமில்லை. என்னைக் கேட்டால் இப்படிச் செய்யலாம். சிராங்கூன் ரோட்டில் 1947 முதல் இருக்கிற கோமள விலாஸ் போல நமக்குப் பழகிய சைவச் சாப்பாட்டுக் கடைகள் லிட்டில் இந்தியாவில் நிறைய உண்டு. ஆறரை மணிக்கே போய் நாலு இட்லியோ, சப்பாத்தியோ, தயிர்சாதமோ சாப்பிடுங்கள். லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் டவுன்டவுன் லைன் ரயில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், அடுத்தது பிராமனாட். இறங்கி நடந்தால் தண்ணீர்க்கரை. சாப்பாட்டுக்குப் பின் அந்த மெதுவான நடை சர்க்கரைக்கும் நல்லது, செரிமானத்துக்கும் நல்லது.

ரயிலுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அபராதம் உண்டு. தண்ணீர் குடிப்பதையெல்லாம் ஏறும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

குடும்பமாகப் பாய் விரித்து உட்கார வேண்டும் என்றால் மெரினா பேரேஜின் மேலே புல்தரை இருக்கிறது. அங்கும் கூட்டம் வரும். ஆனால் வேடிக்கை நடக்கும் இடத்திலிருந்து ஒரு கிலோ மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் குழந்தைகள், முதியவர்களுக்கு நல்லது. வீட்டிலிருந்து எலுமிச்சை சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போகலாம்.

குடிக்க என்ன கேட்கலாம்?

அந்த ஊர்த் தேநீருக்குத் தனி மொழி. 'தே' என்றால் கெட்டியான இனிப்புப் பாலோடு வரும். 'தே ஓ' என்றால் பாலில்லாதது. ஆனால் சர்க்கரை இருக்கும். 'கோசோங்' என்று சேர்த்துச் சொன்னால்தான் சர்க்கரை இல்லாமல் வரும். குறைவாகப் போதும் என்றால் 'சியூ டாய்'. என் சிபாரிசு 'தே ஹலியா'. ஹலியா என்றால் இஞ்சி! கடல் கடந்து போனாலும் நம் இஞ்சி டீ நமக்காகக் காத்திருக்கிறது. சர்க்கரை குறைத்துக் கேளுங்கள். ஆனால் தூக்கம் வராதவர்கள் இரவு எட்டுக்குப் பிறகு டீ, காபி எதுவும் வேண்டாம்.

பாட்டில் பானங்களில் ஏ, பி, சி, டி என்று எழுத்து போட்டிருக்கும். 2022 கடைசியில் கொண்டுவந்த முறை இது. 'டி' என்றால் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கலாம் என்று பொருள். பேரப்பிள்ளைகளுக்கு அந்த எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். நல்ல விளையாட்டாகவும் இருக்கும்.

குழாய்த் தண்ணீரே அங்கே குடிக்க ஏற்றது. பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் அடிக்கடி ஒரு வாய் குடியுங்கள். "பாத்ரூம் போகணுமே, கியூ நீளமா இருக்கே" என்று பெண்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் நீர்க்கடுப்புக்கு இதுதான் காரணம். உட்காருமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வேடிக்கை நன்றாகத் தெரிகிறதா என்று பார்க்கிற மாதிரியே கழிப்பறை எங்கே என்றும் பாருங்கள். புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்களுக்கும் இதேதான்.

புகையும் சத்தமும்

வானத்தில் சிவப்பு பூத்தால் அது ஸ்ட்ரான்சியம். பச்சை என்றால் பேரியம். நீலம் தாமிரம். மஞ்சள் சோடியம். தாமிரத்தைப் பலமுறை சுத்தி செய்து, புடம் போட்டுப் பற்பமாக்குகிற மருத்துவ மரபில் வந்தவன் நான். சுத்தி செய்யாத உலோகத்தைப் புகையாக நெஞ்சுக்குள் இழுப்பது என்ன என்று எனக்குத் தெரியும்.

காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கே உட்காருங்கள். காற்று போகிற பக்கம் உட்காராதீர்கள். டிசம்பரில் அங்கே வடக்கு, வடகிழக்கிலிருந்து காற்று வீசுகிற பருவம். அப்போது எஸ்பிளனேட் பக்கம் புகை குறைய வாய்ப்பு அதிகம். ஆகஸ்டில் காற்று தெற்கிலிருந்து வரும், கணக்கு தலைகீழ். அன்று உட்காரும்போது ஒரு கொடி பறக்கிற திசையைப் பார்த்துவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தினசரி மருந்தை நிறுத்தக்கூடாது. அவசர இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும். ஓட்டல் அறையில் சூட்கேஸுக்குள் இருந்து பிரயோஜனமில்லை.

சத்தத்துக்கு ஒரு எளிய அளவுகோல். வெளிச்சம் தெரிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வினாடிகளை எண்ணுங்கள். மூன்றாவதில் சத்தம் வந்தால் நீங்கள் சுமார் ஒரு கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள். ஒன்று எண்ணுவதற்குள் 'டமார்' என்றால் கைக்குழந்தைக்கு அது சரியான இடமில்லை. தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். சின்னக் குழந்தைகளுக்குக் காதை மூடும் கவசம் கடைகளில் கிடைக்கிறது. பஞ்சு வைப்பது போதாது.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்?

குளுக்கோஸ் பொட்டலம். அன்றைய மாத்திரைகள், சீட்டோடு. இன்ஹேலர். தண்ணீர். ஒரு சின்ன டப்பாவில் வறுத்த சீரகம். சாப்பாட்டுக்குப் பின் ஒரு சிட்டிகை மென்றால் போதும். மந்தம் உள்ளவர்கள் தங்கள் சித்த மருத்துவர் சொன்ன அளவில் பஞ்சதீபாக்கினி சூரணம் கொண்டு போகலாம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் சேர்ந்தது. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு அது ஆகாது. சூரணத்தில் சர்க்கரை சேர்த்திருந்தால் ஷுகர்காரர்கள் கவனிக்க வேண்டும். தொண்டைக்கு அதிமதுரம் நல்லதுதான், ஆனால் அடிக்கடி மென்றால் பிரஷர் ஏறும்.

ஓர் எச்சரிக்கை. "தூக்கத்துக்கு நல்லது, குருமாவுக்கும் ஆகும்" என்று கசகசாவைப் பொட்டலம் கட்டிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். நம் அஞ்சறைப்பெட்டிச் சரக்கு அங்கே போதைத் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறது. லேகியம், சூரணம் எது கொண்டு போனாலும் பெயர் எழுதிய பாட்டிலிலேயே, சீட்டோடு, சொந்த உபயோகத்துக்கு வேண்டிய அளவு மட்டும்.

முடிந்த பிறகு

நள்ளிரவு 12 அடித்து, வானம் பூத்து ஓய்ந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். அரை மணி உட்கார்ந்திருந்து மெதுவாகக் கிளம்புங்கள். அப்போது பசித்தால் ஒரு வாழைப்பழமோ நாலு பிஸ்கட்டோ போதும். "வந்ததுதான் வந்தோம், ஒரு ரொட்டி பராட்டா சாப்பிட்டுப் போகலாம்" என்று இளசுகள் இழுப்பார்கள். அவர்கள் போகட்டும், ஐம்பதைத் தாண்டியவர்கள் மரியாதையாக வீட்டுக்குப் போய்விடலாம்.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது ஆன பிறகே படுங்கள். ஏழரைக்குச் சாப்பிட்டவருக்கு இந்தக் கவலையே இல்லை, பார்த்தீர்களா! நெஞ்செரிச்சல்காரர்கள் தலைப்பக்கம் உயர்த்தி, இடது பக்கமாகப் படுக்கலாம்.

மறுநாள் புத்தாண்டு. காலையில் கஞ்சி. அந்த ஊர் உணவங்காடிகளிலேயே குழைந்த அரிசிக் கஞ்சி கிடைக்கும். சோயாச் சாற்றைக் குறைத்து, இஞ்சித் துருவல் போட்டுக் கேளுங்கள். மத்தியானம் ரசம் சாதம், மோர். இளநீர் குடிக்கலாம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். மத்தியானம் தூக்கம் வந்தால் அரை மணி கண் அயருங்கள். நெஞ்சு வலி இடது கை, தாடை வரை பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ அதை 'கேஸ்' என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

பிள்ளைகள் அனுப்புகிற டிக்கெட் உங்கள் சந்தோஷத்துக்காகத்தான். அன்று ராத்திரி அவர்கள் வானத்தைப் பார்த்ததைவிட உங்கள் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அந்த முகம் வியர்த்து வெளிறாமல் மலர்ந்திருக்க வேண்டாமா? ஏழரைக்குச் சாப்பிடுங்கள். பன்னிரண்டுக்குப் பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேடிக்கை பாருங்கள்.